மேலே வராத மருமகள்

என் மருமகள் சுனிதா தன் செல்போனை இட்லிப் பானையில் வைத்து வேகவைத்த அன்றைக்குத்தான், வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. மாவு ஊற்றிய இட்லித் தட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. கையில் இருந்த போனைப் பானைக்குள் வைத்து, மூடி போட்டு, அடுப்பையும் பற்றவைத்துவிட்டாள். நாங்கள் திறந்தபோது போன் பதமாக வெந்திருந்தது. இன்றைக்கும் வேலை செய்கிறது. அதற்கப்புறம் அதில் பேசுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள். இதை ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் சொல்வதை நம்பாமல் டீ குடிப்பது அங்கே பழக்கம்.

என் பெயர் தாமோதரன். தங்கவயலில் தங்கச் சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் காலி செய்யாத, சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின லைன் வீடு ஒன்றில் நான், என் சம்சாரம் பாப்பம்மா, மகன் ரூபேஷ், மருமகள் சுனிதா, நாலு பேர் இருக்கிறோம். சுரங்கத்தில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பதற்கு ஊரில் மூன்று விதமான தகவல் உண்டு. மூன்றும் நான் கொடுத்தவைதான். ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டில், அதாவது கேஜில், நான் பூமிக்கடியில் போனது மட்டும் மூன்றிலும் வரும். ஆகவே அதை நம்பலாம்.

ரூபேஷ் விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போவான். இருட்டின பிறகு திரும்புவான். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவனுடைய முழு முகத்தைப் பார்க்க முடியும். அதனால் சுனிதாவுக்கு வீட்டிலேயே வேலை கிடைத்தபோது தெருவே பொறாமைப்பட்டது. ரயில் இல்லை, நெரிசல் இல்லை, டிபன் பாக்ஸ்கூட இல்லை.

சுனிதா பங்காருபேட்டைப் பெண். மூன்று பாஷை பேசுவாள், இங்கிலீஷில் எழுதுவாள். அந்த எழுத்துக்குத்தான் வேலை. வெளிநாட்டில் ஒரு மெத்தைக் கம்பெனி. அங்கே மெத்தை வாங்கினவர்கள், தூக்கம் வரவில்லை என்று புகார் எழுதுவார்கள். இவள் இங்கே உட்கார்ந்து அவர்களுக்குப் பதமாகப் பதில் எழுத வேண்டும். ஒருவருக்கு மெத்தை கல் மாதிரி இருக்கிறதாம். இன்னொருவருக்கு நடுவில் பள்ளமாம். ஒரு அம்மாள், அதே மெத்தையில் என் புருஷன் மட்டும் நன்றாகத் தூங்குகிறானே, அது எப்படி என்று கேட்டிருந்தார். சுனிதா அவருக்குப் பதில் எழுதுகிறபோது மேஜையிலேயே தலை சாய்ந்துவிட்டது. நெற்றி கீபோர்டில் பட்டு ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தாகப் போய்விட்டது. அந்த அம்மாள், பதில் திருப்தியாக இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் போட்டார்.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேஜையை விட்டு எழுந்துவிடலாம் என்பதுதான் முதலில் பேச்சு. ஆறு ஏழானது, ஏழு ஒன்பதானது. அப்புறம் நாங்கள் மணி பார்ப்பதை விட்டுவிட்டோம். வெளியே வேலைக்குப் போகிறவள் எப்போதாவது வீட்டுக்குத் திரும்புவாள். இவள் வீட்டிலேயே இருந்ததால் திரும்பி வர வழியில்லாமல் போய்விட்டது. முன்னறையில் சுவரைப் பார்த்தபடி மேஜை. முதுகுக்குப் பின்னால் தெருப்பக்கத்து ஜன்னல். பின்னால் இருப்பது தெரியாதபடி திரையில் புத்தக அலமாரிப் படம் ஏதோ போடலாமாம். போட்டால் இவளுடைய பழைய லேப்டாப் நின்றுவிடும். அதனால் மீட்டிங்கில் இருக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் தெருவில் போகும் ஆட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

பால்காரர் மஞ்சுநாத் ஒருநாள் வாசலில் நின்று, "கொஞ்சம் பால் சிந்திடுச்சும்மா" என்றார். சுனிதா அவரைப் பார்த்து, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம், தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று முழு இங்கிலீஷில் சொன்னாள். மனுஷர் பயந்துபோய் மறுநாள் தண்ணீர் கலக்காத பால் ஊற்றினார்.

"சிரிக்காதீங்க" என்றாள் பாப்பம்மா. "அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்தீங்களா? ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்தவன் கண்ணு மாதிரி கீது."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் சிரிப்பதென்றால் டீக்கடைக்குப் போய்ச் சிரித்தேன்.

சுனிதாவுக்கு மேலதிகாரி நரேஷ். பெங்களூரில் எங்கேயோ இருக்கிறார். பாதி நேரம் அவர் முகத்துக்குப் பதிலாக ஒரு வட்டத்துக்குள் இங்கிலீஷ் எழுத்து ஒன்று இருக்கும். நல்ல குரல். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, அந்த வசதியும் எங்களுக்கு இல்லை. சுனிதா ஒருநாள் தைரியமாக, "ஐ யாம் டயர்ட், சார்" என்றாள்.

நரேஷ் ரொம்ப அக்கறையோடு கேட்டுக்கொண்டார். பிறகு, இதையெல்லாம் சரியான வார்த்தைகளில் வெளிப்படுத்தத் தெரிய வேண்டும், அதற்கென்று கம்பெனியே ஒரு வகுப்பு நடத்துகிறது, உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன் என்றார். வீட்டிலிருந்து வேலை செய்து களைத்துப் போகிறவர்கள் தங்கள் களைப்பை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பது பாடம். சனிக்கிழமை காலை தொடங்கி மத்தியானம் வரை. கட்டாயம் வர வேண்டும். வீட்டுப்பாடம் உண்டு.

பாடம் நடத்தியவர் ஜூடித் மிஸ். நான் முன்னறைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்துக்கொண்டே மொத்தப் பாடத்தையும் கேட்டேன். அந்தப் பாஷையில் களைப்புக்கு எத்தனை அறைகள் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. டயர்ட் என்று சொல்லக்கூடாதாம், அது குழந்தைகள் சொல்வது. கொஞ்சம் களைத்திருந்தால் ஸ்ட்ரெட்ச்ட். நிறையக் களைத்திருந்தால் ஓவர்வெல்ம்ட். இனிமேல் ஒரு வேலையும் ஏற்றிக்கொள்ள முடியாது என்றால் பேண்ட்விட்த் இல்லை. சொல்லும்போது முகத்தில் புன்னகை இருக்க வேண்டும். எல்லாம் தீர்ந்து வெறும் கூடாகிவிட்டால்தான் பர்ன் அவுட். அதையும் நேரடியாகச் சொல்லாமல், அந்தத் திசையில் போய்க்கொண்டிருப்பதாக உணர்கிறேன் என்று சொல்வது மரியாதை. அப்புறம் ஹார்ட் ஸ்டாப் என்று ஒன்று. இத்தனை மணிக்கு நான் கட்டாயம் எழுந்துவிடுவேன் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பது. இது எனக்குப் பிடித்திருந்தது. சுரங்கத்துச் சங்கு இதைத்தான் செய்தது, வார்த்தை இல்லாமல்.

சுனிதா சட்னி அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். "ஐ டோண்ட் ஹேவ் த பேண்ட்விட்த். ஐ ஹேவ் எ ஹார்ட் ஸ்டாப் அட் சிக்ஸ்."

"களைப்பாக்கீதுன்னு சொல்றதுக்கு இம்மாந்தூரம் சுத்திக்கினு போவணுமா?" என்று பாப்பம்மா கேட்டாள்.

"அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும் அத்தை."

"புரியாமயா வேலை வாங்கறான்?"

ஒரு சனிக்கிழமை வீட்டுப்பாடம் விசித்திரமாக இருந்தது. உங்கள் குடும்பத்தில் ஒருவருடைய வேலை அன்றைக்கு முடிந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள், அதைப் பற்றி எழுதுங்கள் என்று ஜூடித் மிஸ் சொல்லியிருந்தார். சுனிதா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த பாப்பம்மாவிடம் வந்தாள்.

"அத்தை, மாமா சுரங்கத்துல இருந்தப்ப, வேலை முடிஞ்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேல வந்தா முடிஞ்சுது."

"வரலைன்னா?"

"போய் நிப்போம்."

அவ்வளவுதான் சொன்னாள். சுனிதா விடாமல் கேட்ட பிறகுதான் மீதி வந்தது. சங்கு ஊதின பிறகும் ஆள் மேலே வரவில்லை என்றால் வீட்டுப் பெண்கள் சுரங்கத்து வாய்க்குப் போவார்கள். போய் நிற்பார்கள். அழக்கூடாது, சத்தம் போடக்கூடாது. சத்தம் கேட்டால் ஏதோ சேதி வந்துவிட்டது என்றாகிவிடும். பார்க்கிறவர்களும் வந்து கூட நிற்பார்கள். உங்க ஆளு உள்ள கீறாரா என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேஜ் மேலே வரும், உள்ளே இருக்கிறவன் இறங்குவான், எல்லோரும் கலைந்து போவார்கள். கல்யாணமான முதல் வருஷம் பாப்பம்மா எனக்காக ஒரு ராத்திரியும் அரைப் பகலும் அப்படி நின்றிருக்கிறாள்.

"அன்னிக்கு கீழ இன்னா நடந்துச்சுன்னா" என்று நான் ஆரம்பித்தேன். அந்தக் கதையில் ஒரு பெருச்சாளியும் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் தொப்பியும் வரும். நன்றாக இருக்கும்.

"பாறை சரிஞ்சு வழி அடைச்சுது. எடுத்தாங்க, வந்தாரு" என்று முடித்துவிட்டாள் பாப்பம்மா.

சுனிதா அதை அப்படியே எழுதி அனுப்பினாள். ஜூடித் மிஸ் வகுப்பில் வாசித்தார்.  பிறகு, ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வாரத்துச் சொல் ஒன்றுகூட இதில் வரவில்லையே சுனிதா என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்.

வார்த்தைகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு சுனிதா நரேஷிடம் பேசினாள். ஓவர்வெல்ம்ட் ஆக உணர்கிறேன் என்று சுத்தமாகச் சொன்னாள். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

ஐ ஹியர் யூ, சுனிதா, என்றார் நரேஷ். நீங்கள் இதை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டதை மதிக்கிறேன், நானே இப்போது ரொம்ப ஸ்ட்ரெட்ச்ட் ஆகத்தான் இருக்கிறேன், நம் பேண்ட்விட்தைச் சேர்ந்து எப்படி நிர்வகிப்பது என்று யோசிப்போம், இன்றைக்குள் அந்த மிச்சம் இருக்கிற புகார்களை முடித்துவிடுங்கள்.

அவரும் அதே வகுப்புக்குப் போனவர். இவள் ஒரு வார்த்தையைப் போட்டால் அவர் அதே வார்த்தையைத் தேய்த்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம் ராத்திரி வேலை வந்தது. மெத்தைக் கம்பெனிக்காரர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. அங்கே எழுதி அனுப்பப் பொறுமை இல்லாதவர்களோடு உடனுக்குடன் பேச ஆள் வேண்டும். பகல் வேலையோடு சேர்த்து அதையும் சுனிதா பார்க்க வேண்டும், கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார் நரேஷ். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் முடிவாகச் சொல்லிவிட வேண்டும். மறுக்காவிட்டால் சம்மதம்.

வியாழக்கிழமை சுனிதா சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்து கை கழுவினாள். ரூபேஷ் அவளிடம், "வேணாம்னு சொல்லிடு. வேலை போனா போவட்டும்" என்றான்.

"போனா வீட்டு ரிப்பேருக்கு வாங்கின லோன் யார் கட்டறது? சொல்லப் பாக்கறேங்க. சொல்லத்தான் வரமாட்டேங்குது. நான் சொல்றதெல்லாம் அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அவள் அழவில்லை. அழுவதற்கும் பேண்ட்விட்த் இல்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் மத்தியானமே ஆரம்பித்தது. பாப்பம்மா சாப்பாட்டுத் தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். நான் தூங்கி எழுந்தேன். தட்டு அப்படியே இருந்தது. ரசத்தில் ஆடை கட்டியிருந்தது. நரேஷ் பேசிக்கொண்டிருந்தார். சுனிதா "யெஸ் சார், ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்" என்றுகொண்டிருந்தாள். புன்னகையோடு சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்ததால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஆறு அடித்தது. பக்கத்து வீட்டில் விளக்கேற்றினார்கள். காபி கேட்கலாம் என்று சமையல்கட்டுக்குப் போனேன். பாப்பம்மா அங்கே இல்லை. பின்பக்கமும் இல்லை. வாசலுக்கு வந்தேன்.

தெருவில், ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பைத் தோளில் சுற்றி ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"இங்க இன்னா பண்ற? காபி போடல?"

"அந்தப் பொண்ணு இன்னும் மேல வரல" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு வாய்க்குள் ஒரு பதில் ரெடியாக இருந்தது. நல்ல பதில்தான். ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்த நாளில் நான் உள்ளே இருந்தவன். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே இருப்பது சுலபம்.

எதிர்வீட்டு பியாட்ரிஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தெருவைத் தாண்டி வந்து பாப்பம்மாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அவருடைய அப்பாவும் அண்ணனும் சுரங்கத்தில் இருந்தவர்கள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் வழக்கம்போல நம்பமாட்டீர்கள். டீக்கடைக்காரர்கள் வந்தார்கள். கோவிலுக்குக் கிளம்பின சரோஜம்மா பூக்கூடையோடு நின்றுவிட்டார். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். சவாரியும் இறங்கி நின்றது. மஞ்சுநாத் சைக்கிளை ஓரம் கட்டினார். பூதிகோட்டையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த வண்டி வழி கிடைக்காமல் நின்றது. அதை ஓட்டி வந்தவர் ஹாரனில் கை வைத்தார், எங்கள் முதுகைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். ஆண்டர்சன்பேட்டையில் பாதிக் கடை சாத்திவிட்டதாகவும், பங்காருபேட்டை பஸ் தடம் மாறி எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றதாகவும், டிரைவரும் கண்டக்டரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதாகவும் நான் சொல்வேன். பாப்பம்மா முப்பது பேர் என்கிறாள். அவள் ஜன்னலையே பார்த்து நின்றவள். பின்னால் எத்தனை பேர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒருவர்கூடப் பேசவில்லை. ஒரு ஆடு மட்டும் கத்தியது. அதையும் யாரோ வாயைப் பொத்தினார்கள்.

ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. இங்கிலீஷில்தான் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன். மினுக்கு கொஞ்சம் குறையும்.

"ஆக, திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி வேலையையும் உங்கள் பெயரில் போட்டுவிடலாம் இல்லையா?" என்றார் நரேஷ். "அதில் ஏதாவது..." நிறுத்தினார். "சுனிதா, உங்களுக்குப் பின்னால் யார் அவர்கள்?"

சுனிதா, "யாரும் இல்லை சார், ஆடாக இருக்கும்" என்றாள்.

"ஆடு இல்லை."

திரும்பினாள். ஜன்னல் நிறைய முகம். நடுவில் பாப்பம்மா. மருமகளும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பம்மா தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. நின்றாள். சுனிதாவின் உதட்டில் இழுத்துக் கட்டியிருந்த புன்னகை அவிழ்ந்து விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"வீட்டில் ஏதாவது துக்கமா?" என்றார் நரேஷ். குரல் இறங்கியிருந்தது.

"இல்லை சார்."

"போராட்டமா?"

"இல்லை சார். எங்கள் ஊரில் சுரங்கத்தில் இறங்கினவர்கள் சரியான நேரத்தில் மேலே வரவில்லை என்றால் இப்படி வந்து நிற்பார்கள். எனக்காக நிற்கிறார்கள்."

"எவ்வளவு நேரம் நிற்பார்கள்?"

"நான் வருகிற வரைக்கும். முன்னே நிற்பவர் என் மாமியார். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் நின்று பழக்கம் உள்ளவர்."

 வட்டத்துக்குள் எழுத்தாக இருந்த நரேஷ் அப்போதுதான் காமிராவைப் போட்டிருக்க வேண்டும், திரையில் வெளிச்சம் மாறியது. இன்னும் நன்றாகப் பார்க்க விரும்பினாரோ என்னவோ. பார்க்கட்டும் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஐ ஹியர் யூ, சுனிதா" என்று தொடங்கினார்.  நின்றுகொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்வதற்கு அந்த வகுப்பில் பாடம் இல்லை.

"ராத்திரி வேலை என்னால் முடியாது சார்" என்றாள் சுனிதா. "பகல் வேலையும் ஆறு மணியோடு முடியும். இப்போது ஆறு தாண்டிவிட்டது. நான் போகிறேன்."

அவர் பதில் சொல்லும் வரை காத்திருந்தாளா என்று தெரியவில்லை. லேப்டாப் மூடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சின்ன சத்தம்தான். அந்த அமைதியில் கேஜ் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் புதிதானது போலக் கண்ணைச் சுருக்கினாள். யாரும் கை தட்டவில்லை. ஆள் மேலே வந்தாயிற்று, இனி நிற்க என்ன இருக்கிறது. பியாட்ரிஸ் கீரைக்குப் போனார். சரோஜம்மா ஒரு முழம் பூவைக் கிள்ளி சுனிதா கையில் வைத்துவிட்டுக் கோவிலுக்கு நடந்தார். ஆட்டோ கிளம்பியது. தக்காளி வண்டிக்காரர் போகிற போக்கில், "யாரு உள்ள இருந்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். வெளியூர்க்காரர், வழக்கம் தெரியாது. அவருக்கு மட்டும் நான் ஒரு கதை சொல்லி அனுப்பினேன். பூதிகோட்டையில் அது இப்போது எப்படி உலவுகிறதோ.

"சாப்ட்டு தூங்கு" என்றாள் பாப்பம்மா.

"வேலை போயிடும் அத்தை."

"அது திங்கக்கிழமை சமாச்சாரம்."

சுனிதா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றுகூடச் சொன்னாள். எங்களுக்கு அதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு படுத்தாள். ரூபேஷ் ரயிலிலிருந்து வந்து எழுப்பிப் பார்த்துவிட்டு, மூச்சு வருகிறதா என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். வந்தது, கொஞ்சம் சத்தமாகவே.

மறுநாள் சனிக்கிழமை. களைப்பு வகுப்பின் கடைசி நாள். அவள் எழுந்திருக்கவில்லை. வராவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார்களே என்று, அவள் சொல்லித் தந்திருந்தபடி லேப்டாப்பைத் திறந்து நானே முன்னால் உட்கார்ந்தேன். ஜூடித் மிஸ் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இந்த வாரம் எப்படி உணர்கிறீர்கள், நாம் கற்ற சொற்களில் சொல்லுங்கள் என்றார். ஓவர்வெல்ம்ட் நாலைந்து வந்தது. ஸ்ட்ரெட்ச்ட் நிறைய வந்தது. சுனிதா பேர் வந்ததும் நான் தொண்டையைச் செருமினேன்.

"ஸ்லீப்பிங்" என்றேன்.

ஜூடித் மிஸ் என்னைப் பார்த்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தது, இத்தனை நாள் குரலை மட்டும் கேட்டதால் எனக்குத் தெரியவில்லை. "இன்னுமா?" என்றார்.

"நேத்து சாயந்திரத்துல இருந்து."

"கொடுத்து வைத்தவர்" என்று தமிழிலேயே சொன்னார். வருகைப் பதிவு போட்டுக்கொண்டார். மார்க்கும் முழுசாகக் கொடுத்ததாக அப்புறம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுனிதா மூடின லேப்டாப்பையே சுற்றிச் சுற்றி வந்தாள். திங்கட்கிழமை காலையில் நரேஷ் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். ரூபேஷ் அன்றைக்கு ரயிலை விட்டுவிட்டான்.

ராத்திரி வேலையை வேறு ஊரில் இருக்கிற குழுவுக்கு மாற்றிவிட்டோம் என்றார் நரேஷ். அந்த நேரத்தில் அங்கே பகலாம். அப்படி ஒரு ஊர் இருப்பது கம்பெனிக்கு ரொம்ப நாளாகவே தெரியுமாம், யாரும் யோசிக்கவில்லையாம். சுனிதாவின் வேலை அவளுக்குத்தான், ஆறு மணி வரைக்கும். சுனிதா "தேங்க் யூ சார்" என்றாள். திரைச்சீலைக்குப் பின்னால் ரூபேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் பாப்பம்மாவிடம், எனக்கு இன்றைக்கு ரேஷன் கடைக்குப் போக பேண்ட்விட்த் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பையை என் கையில் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயந்திரம் ஆறு அடிக்கப் போகிற நேரம். கடைசி மீட்டிங். பாப்பம்மா காற்றுக்காகத் தெருவில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை, ஆடு இருந்தது. நரேஷ் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, "அவர்கள் வந்துவிட்டார்களா?" என்று கேட்டார்.

"என் மாமியார் மட்டும்தான் சார். காய் உரிக்கிறார்."

"சரி, முடித்துக்கொள்வோம்" என்றார். ஆனால் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் வீட்டில் எங்கேயோ குக்கர் விசிலடிப்பது கேட்டது. பிறகு பழகாத குரலில், "சுனிதா, அவர்கள் வேறு ஊருக்கெல்லாம் வருவார்களா?" என்றார்.

சுனிதா ஜன்னல் பக்கம் திரும்பி, "அத்தை, சார் கேக்கறாரு, அவருக்காகவும் ஒருநாள் வந்து நிப்பீங்களான்னு" என்றாள்.

பாப்பம்மா ஒரு அவரைக்காயை உரித்து முடித்தாள்.

"அட்ரஸ் வாங்கி வை" என்றாள்.